பிரேக்கை நான் சரியான நேரத்தில்தான் அழுத்தினேன்

முரளி,

போன வாரம் நீ அனுப்பிய மூன்று டிவி படங்களும் வந்து சேர்ந்தன. ஒன்றைவிட ஒன்று பெரியது. கீழே, "உங்க ரூமுக்கு எது வேணும்பா? சீக்கிரம் சொல்லுங்க, ஆஃபர் முடியுது" என்று எழுதியிருந்தாய். நியூ டவுனில் உன் வீட்டில் எனக்கு ஒரு ரூம் ஒதுக்கியாகிவிட்டது என்பதை அந்தப் படங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இந்த பவானிபூர் வீட்டை சித்திரை முதல் நாளுக்குள், அதாவது வங்காளிகளின் புத்தாண்டான பொய்லா பொய்ஷாக்குக்குள், காலி செய்துவிடுவோம் என்று நீ வீட்டுக்காரரிடம் சொன்னது அவர் வாயால்தான் எனக்குத் தெரியவந்தது. மாடிப்படியில் நிறுத்தி, "நீங்க போறது வருத்தமா இருக்கு" என்றார். எங்கே போகிறேன் என்று நான் அவரைக் கேட்க வேண்டியதாயிற்று. நாற்பத்தொரு வருஷம் குடியிருந்த மனிதனுக்கு இதைவிட ஒரு அவமானம் உண்டா?

இதை உனக்கு மட்டும் தனியாக எழுதி அனுப்பலாம். செய்யப் போவதில்லை. நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்குக் கொடுக்கப் போகிறேன். என்னைப் போல இந்த ஊரில் தனியாக இருக்கும் அப்பாக்களும் அம்மாக்களும் அதைப் படிக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள், விழாப் படத்தில் தங்கள் முகம் வந்திருக்கிறதா என்று பார்க்கவாவது புரட்டுவார்கள். உனக்குக் கூச்சமாக இருக்கும். இருக்கட்டும். என் கை மெதுவாகிவிட்டது என்று நீ யார் யாரிடமெல்லாம் சொல்லிவைத்தாயோ, அவர்கள் எல்லோருக்கும் நான் தனித்தனியாகக் கடிதம் போட முடியாது.

முதலில், எழுபத்தொரு வயதில் வீடியோ கேம் ஆடுகிறேன் என்பதில் எனக்கு வெட்கமில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். நீ கல்யாணமாகிப் போனபோது உன் கேம் பெட்டியை இங்கேயே விட்டுவிட்டுப் போனாய். உன் அம்மா போன பிறகு, வேண்டாததையெல்லாம் ஒழித்துக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். ஓடாத சாமானை ஓடுகிறது என்று சொல்லிக் கொடுக்கக் கூடாது அல்லவா? ஓடுகிறதா என்று பார்க்க அதைப் போட்டேன். மலைப்பாதையில் கார் ஓட்டும் ஆட்டம் வந்தது. அன்று ஓட்ட ஆரம்பித்தவன் இன்றுவரை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். யாரும் சொல்லித்தரவில்லை. பத்தாவது தேறாமல் ஹவுராவில் ஒரு பட்டறைக்குள் நுழைந்து, பக்கத்தில் இருப்பவனின் கையைப் பார்த்தே ஃபிட்டர் வேலையும் வரைபடம் படிப்பதும் கற்றுக்கொண்டவன் நான். இதையும் அப்படியே கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தேதி போட்டு எழுதிவைத்தேன். முதல் நாள் மூன்று நிமிஷத்துக்கு மேல். இரண்டு வருஷத்தில் ஒரு நிமிஷம் நாற்பத்திரண்டு நொடிக்குக் கொண்டுவந்தேன். அந்தப் பாதையில் எந்த மரத்தைத் தாண்டியதும் பிரேக்கை அழுத்த வேண்டும் என்பது என் கட்டைவிரலுக்குத் தெரியும். உன் அம்மா இல்லாத வீட்டில் சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை எனக்கு ஒரு வேலை இருந்தது. அது விளையாட்டு என்று நீ நினைத்துக்கொண்டால் நினைத்துக்கொள்.

அப்போதுதான் பூஜை வந்தது, உன் டிவியும் வந்தது. நவமி அன்று காலையில் இரண்டு ஆட்கள் ஐம்பத்தைந்து அங்குலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். பின்னாலேயே நீயும் மருமகள் சுதேஷ்ணாவும். கேட்காமல் வாங்கினாய். அதையாவது அன்பு என்று எடுத்துக்கொள்ளலாம். கேட்காமல் என் பழைய டிவியை எக்ஸ்சேஞ்சில் எழுதிக்கொடுத்திருந்தாய். வந்த ஆட்கள் பழையதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் "இருங்கப்பா" என்று சொல்வதற்குள் அது முதல் மாடியைத் தாண்டிவிட்டது.

இதில் நான் செய்த தப்பு ஒன்று இருக்கிறது. ஒன்றுதான். அதை மறைக்க மாட்டேன். நீ சொன்னாய்: "அப்பா, கன்ட்ரோலரை எடுங்க, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க. கடைக்காரன் பத்து நாள் டைம் குடுத்திருக்கான், பிடிக்கலைன்னா மாத்திக்கலாம்." நான் எடுக்கவில்லை. எப்படி எடுப்பேன்? சரஸ்வதி பூஜை, ஆயுத பூஜை. என் வெர்னியர், மைக்ரோமீட்டர், ரசமட்டம் எல்லாவற்றோடும் கன்ட்ரோலரும் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு சாமி முன்னால் உட்கார்ந்திருந்தது. சுதேஷ்ணா அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பாபா, இதுக்குமா பொட்டு?" என்றாள். "நான் தினமும் கையால தொடுற கருவி எதுவோ அதுக்குப் பொட்டு உண்டும்மா" என்றேன். மறுநாள் புனர்பூஜை செய்யும்வரை அதைத் தொடுவதாக இல்லை. நீயும், "சரி, நாளைக்கு ஓட்டிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, மறுநாள் விடிந்ததும் பூரிக்கு டூர் கிளம்பிவிட்டாய். தசமிக்குப் பிறகு இந்த ஊரில் நடப்பது உனக்குத் தெரியாததா? பிஜோயா வாழ்த்துச் சொல்ல ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வருவார்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேண்டும், ஒவ்வொரு வீட்டிலும் சந்தேஷ் இனிப்பு சாப்பிட வேண்டும். கடைகள் பாதி மூடிக்கிடந்தன. நான் நிம்மதியாக உட்கார்ந்து ஓட்டத் தொடங்கியபோது கடைக்காரனின் பத்து நாளில் ஆறு போய்விட்டது.

ஓட்டினேன். மூன்றாவது வளைவில் கம்பி வேலியில் இடித்தேன். மறுபடி இடித்தேன். கண்ணைப் பறிக்கும் படம், முரளி, நான் ஒத்துக்கொள்கிறேன். மலை மேல் பனி தெரிந்தது, சாலையோரப் புல் தெரிந்தது. ஆனால் கார் என் கையில் இல்லை. புது டிவி, பழக வேண்டும் என்று நினைத்து நான்கு நாள் பழகினேன். அதோடு பத்து நாளும் முடிந்தது. ஒரு நிமிஷம் நாற்பத்திரண்டு என்பது ஒன்று ஐம்பத்தொன்று ஆகியிருந்தது. டிவியின் மெனுவைத் துழாவி கேம் மோடு என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்துப் போட்டும் பார்த்தேன். படம் கொஞ்சம் கறுத்தது, அவ்வளவுதான். உனக்குப் போன் செய்து, "டிவி பின்தங்குதுடா" என்றேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது.

"டிவி எல்லாம் சரியாத்தான் இருக்கும்பா. நாலாயிரம் பேர் நல்லாருக்குன்னு எழுதியிருக்காங்க. உங்களுக்கு எழுபத்தொண்ணு ஆச்சு. ரிஃப்ளெக்ஸ் குறையத்தானே செய்யும்?"

நாலாயிரம் பேரை நம்பினாய். அந்த நாலாயிரம் பேரில் எத்தனை பேர் அதில் கார் ஓட்டினார்கள் என்று கேட்டாயா? அவர்கள் சீரியலும் கிரிக்கெட்டும் பார்க்கிறவர்கள். கிரிக்கெட்டில் பந்து ஒரு கணம் தாமதமாக வந்தால் பார்க்கிறவனுக்கு என்ன நஷ்டம்? அவனா மட்டை பிடிக்கிறான்?

ஆனால் நீ சொன்ன வார்த்தை என் காதில் தங்கிவிட்டது. அதற்காகத்தான் உன்மேல் எனக்குக் கோபம். நான் உன்னை நம்பினேன். ஹாஜ்ரா முனையில் ரோட்டைக் கடக்க, சிக்னல் விழுந்த பிறகும் யாராவது நடக்கட்டும் என்று காத்து நின்றேன். மெட்ரோவில் கதவு மூடுவதற்குள் ஏறிவிடுவேனா என்று பயந்து இரண்டு வண்டியை விட்டேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே காவல் நின்றேன். சாயங்காலம் ஆறு மணிக்கு உட்காருவதை நிறுத்தினேன். நீ ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், "கார் ஓட்டினீங்களா?" என்று கேட்பாய். "இல்லை" என்பேன். நீ சுதேஷ்ணாவிடம் திரும்பி, "பாத்தியா, கேம்ல காரே ஓட்ட முடியல, தனியா எப்படி இருப்பார்?" என்பாய். போன் இன்னும் காதில் இருக்கும்போதே! என் கை போய்விட்டது என்பதற்கு அந்த டிவியை நீ சாட்சியாக வைத்தாய். அந்தச் சாட்சியை வைத்துத்தான் வீட்டுக்காரரிடம் பேசினாய்.

தை மாதம் நானே நரம்பு டாக்டரிடம் போனேன். உன்னிடம் சொல்லவில்லை. மூக்கைத் தொடு, என் விரலைத் தொடு என்றார். ஒரு ஸ்கேலை மேலேயிருந்து நழுவவிட்டு, பிடி என்றார். ஐந்து முறையும் பிடித்தேன். "உங்க கைக்கு என்ன? எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டார். என் பையன் சொன்னான் என்று சொல்லாமல், "வயசாச்சே, பாத்துக்கலாம்னுதான்" என்றேன். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். அப்போது உன் அம்மா ஞாபகம் வந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

உன் அம்மா இந்தத் தெருவுக்கே பிளவுஸ் தைத்துக்கொடுத்தவள். கடைசியில் ஒரு நாள் தையல் விட்டுவிட்டு விழுகிறது என்றாள். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கண்ணு போச்சு உனக்கு. வயசாச்சுல்ல, விடு" என்றேன். "கண்ணு இல்லீங்க, மெஷின்லதான் என்னமோ. ஒருதரம் எந்திரிச்சு வந்து பாருங்களேன்" என்றாள். முப்பத்திரண்டு வருஷம் ஊரார் மெஷினையெல்லாம் பிரித்துப் பூட்டியவன், சொந்த வீட்டில் ஐந்தடி எழுந்து போகவில்லை. இரண்டு மூன்று தடவை கேட்டாள். அப்புறம் மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டாள். வந்தவர்களிடம், "எனக்குக் கண்ணு போயிருச்சு, இனிமே முடியாது" என்று நான் சொன்னதையே அவளும் சொன்னாள். ஆறு வருஷம் அதைத் தொடவில்லை. அவள் போன பிறகு அந்த மெஷினைக் கொடுத்துவிடலாம் என்று துடைக்கும்போது பார்த்தேன். ஒரு திருகு தளர்ந்து, ஊசிக்கம்பி அரை நூல், அதாவது ஒன்றரை மில்லிமீட்டர், இறங்கியிருந்தது. ஏற்றி முறுக்கி, ஒரு துண்டுத் துணியை ஓட்டினேன். தையல் கோடு கிழித்த மாதிரி போயிற்று. எனக்கு அந்த வேலைக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு மனுஷியைக் குறை சொல்வதற்கு முன்னால் மெஷினைப் பார்த்திருக்க வேண்டும். பட்டறையில் சேர்ந்த முதல் நாள் பையனுக்குக்கூட அது தெரியும். எனக்குத் தெரிந்தும் செய்யவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்க ஆள் இல்லை. ஆனால் அதே காரியத்தை எனக்கு யாரும் செய்ய நான் விடமாட்டேன். நீ செய்தாலும் விடமாட்டேன்.

அன்று சாயங்காலமே கீழ்வீட்டு தபன் பாபுவைக் கூப்பிட்டேன். கல்லூரி லேபில் இருந்து ரிட்டயர் ஆனவர், எதையும் அளக்காமல் பேசமாட்டார், என்னை அண்ணன் முறையில் தாதா என்பார். அவர் போனில் ஸ்லோ மோஷனில் படம் எடுக்கலாம், நொடிக்கு இருநூற்று நாற்பது படம். என் கட்டைவிரலும் டிவியில் காரின் பின்விளக்கும் ஒன்றாகத் தெரியும்படி போனை நிறுத்தினோம். பிரேக்கை அழுத்தினால் பின்விளக்கு எரிய வேண்டும். அழுத்தினேன். பிறகு இருவரும் போனைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படமாகத் தள்ளி எண்ணினோம்.

"விரல் அழுந்தியாச்சு. விளக்கு எங்கே தாதா?"

"இன்னும் இல்லை. எண்ணுங்க."

"இருபது... இருபத்தஞ்சு... அட, இதுக்குள்ள நான் ஒரு டீ குடிச்சிருப்பேன்."

முப்பத்தொன்று. பத்து முறை எடுத்தோம். எல்லாம் முப்பதுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவில். கேம் பெட்டியைக் கழற்றிக் கீழே கொண்டுபோய், அவருடைய பழைய கம்ப்யூட்டர் மானிட்டரில் மாட்டினோம். பதிமூன்று. அதே பெட்டி, அதே கன்ட்ரோலர், அதே கட்டைவிரல். அதே மூச்சில் மூன்று சுற்று ஓட்டினேன். மூன்றாவது சுற்று ஒரு நிமிஷம் நாற்பத்து மூன்று. மூன்று மாதம் தொடாத கை, முரளி! தபன் பாபு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "தாதா, பையனுக்குப் போன் போடுங்க. அந்த டிவியை நரம்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க" என்றார்.

டிவி என்ன செய்கிறது என்று படித்துத் தெரிந்துகொண்டேன். வரும் படத்தை அப்படியே காட்டாமல், கையில் வாங்கி, மழமழப்பாக்கி, சாயம் ஏற்றி, அழகு செய்து அதன் பிறகு காட்டுகிறது. அந்த அலங்காரத்துக்கு ஆகும் நேரம்தான் அது. அந்த இடைவெளியில் வேகமாகப் போகும் கார் நான்கு மீட்டர் போய்விடும். வேலி இரண்டு மீட்டரில் இருக்கிறது. நான் பிரேக்கைச் சரியான நேரத்தில்தான் அழுத்தினேன்.

நீ வந்தபோது அந்தப் படத்தைக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தாய். "சரிப்பா, டிவி ஸ்லோதான், ஒத்துக்கறேன். மாத்திக்கலாம். ஆனா அது வேற, இது வேற" என்றாய்.

"எது வேற?"

"நீங்க தனியா இருக்கிறது."

என் கை மெதுவாகிவிட்டது என்று நீ நினைத்தபோது இரண்டும் ஒன்றாக இருந்தன. டிவிதான் மெது என்று தெரிந்ததும் இரண்டும் வேறு வேறாகிவிட்டன. இது என்ன நியாயம்? சாட்சி பொய் என்று தெரிந்த பிறகும் தீர்ப்பு அப்படியே நிற்குமா? நீ காபியைக் குடித்துவிட்டுப் போனாய். ஒரு வாரம் கழித்து மூன்று டிவி படங்கள்.

அந்த மூன்றையும் பற்றிச் சொல்கிறேன், கேட்டுக்கொள். உனக்கோ உன்னைப் போல அப்பாவுக்கு வாங்கும் இன்னொருவனுக்கோ உதவும். அளவைப் பார்த்து வாங்காதே. எட்டடி ஹாலில் அறுபத்தைந்து அங்குலம் வைத்தால் வளைவைப் பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டும். பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் ஹெர்ட்ஸ் கணக்கைக் கண்டு மயங்காதே. என் பழைய கேம் பெட்டி நொடிக்கு அறுபது படம்தான் அனுப்பும், நூற்றிருபதுக்கு நான் எங்கே போவேன்? கேம் மோடு இருக்கிறதா என்று மட்டும் கேட்காதே. அதைப் போட்டால் தாமதம் குறைகிறதா, வெறும் கலர்தான் மாறுகிறதா என்று பார். கடையில் ஓடும் மயில், பூ, கடல் படங்களைப் பார்த்துத் தலையாட்டாதே. அவை காட்டுவதற்காக எடுத்த படங்கள். விளையாடுகிறவனுக்கு வேண்டிய டிவி, கை சொல்வதை உடனே கேட்கும் டிவி. அது கேட்கிறதா என்பதை ஆடுகிறவனின் கையைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது. ஆகவே, யார் ஆடப்போகிறாரோ அவரைக் கடைக்குக் கூட்டிப்போ.

நீ கூட்டிப்போகவில்லை. நானே போனேன், முந்தாநாள். கேம் பெட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மெட்ரோ ஏறி சாந்தினி கடைத்தெருவுக்குப் போனேன். முதல் வண்டியிலேயே ஏறினேன் என்பதையும் குறித்துக்கொள். கடைப் பையன்களில் மூத்தவன், முப்பது வயது இருக்கும், "காக்கு, பேரனுக்கா?" என்று சித்தப்பா முறை வைத்துக் கேட்டான்.

"எனக்கு."

"சீரியலுக்கு இதைப் பாருங்க, கலர் சும்மா ரசகுல்லா மாதிரி..."

"ரசகுல்லா வேண்டாம். இந்தப் பெட்டியை மாட்டு."

சிரித்தான். மாட்டினான். ஒரு காலி அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, ஆறு டிவியில் ஓட்டினேன். நான்கில் வேலியில் இடித்தேன். ஐந்தாவது பரவாயில்லை. ஆறாவது நாற்பத்து மூன்று அங்குலம், ஓரத்தில் யாரும் பார்க்காமல் கிடந்தது. அதில் மூன்றாவது வளைவைத் திரும்பியபோது பின்னால் யாரோ "ஷாபாஷ்!" என்றார்கள். திரும்பிப் பார்த்தால் வாங்க வந்தவர்கள் நாலைந்து பேர் நிற்கிறார்கள். ஒரு நிமிஷம் நாற்பத்தொன்று. இதுவரை நான் ஓட்டாத நேரம். கடைப் பையன் இப்போது "காக்கு" என்பதை விட்டுவிட்டு "ஸார்" என்றான். அதைத்தான் வாங்கினேன். நேற்று வந்துவிட்டது.

நேற்றே வீட்டுக்காரரிடமும் போனேன். "என் பையன் பேசியது அவன் பேச்சு. குடியிருக்கிறவன் நான். காலி செய்யவில்லை" என்றேன். அவர் நிம்மதியாகத்தான் சிரித்தார். நீ வாங்கிய ஐம்பத்தைந்து அங்குலம் அதன் அட்டைப்பெட்டிக்குள் ஹாலில் நிற்கிறது. வண்டி கொண்டுவந்து எடுத்துக்கொண்டு போ. சுதேஷ்ணா சினிமா பார்க்கட்டும், படம் உண்மையிலேயே அழகு.

நீ கெட்டவன் இல்லை என்பது எனக்குத் தெரியும். பயப்படுகிறாய். எனக்கும் அந்தப் பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஒரு நாள் என் கை உண்மையாகவே மெதுவாகும். உனக்கு முன்னால் அது எனக்குத் தெரியும். நல்ல டிவியில், நல்ல வெளிச்சத்தில், தினமும் ஆறு மணிக்கு நான் என்னையே அளந்துகொண்டிருக்கிறேன். அந்த நாள் வந்தால் மறைக்கமாட்டேன். நானே உனக்குப் போன் செய்து, "முரளி, இப்போ கைதான்டா" என்று சொல்வேன். அன்று வண்டியை எடுத்துக்கொண்டு வா, மறுபேச்சில்லாமல் ஏறிக்கொள்கிறேன். அதற்கு ஒரு நாள் முன்னாலும் என்னைக் கூட்டிப்போக வராதே.

சாப்பிட மட்டும் எப்போது வேண்டுமானாலும் வா.

அப்பா